பட்டு எரிந்தால் எங்கே போகிறது?

முகூர்த்தத்திற்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. ஆரணிக் கடைத்தெருவில் ஒரு பட்டுச்சேலைக் கடை. அரக்கு நிறச் சேலை ஒன்றைக் கடைக்காரர் பாயில் விரித்துப் போட்டிருக்கிறார். மணப்பெண்ணின் பாட்டி அதைத் தடவிப் பார்க்கிறார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறார். விலையைக் கேட்டதும் அவருக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது.

"நெசமாவே பட்டுதானாப்பா இது?"

"என்னம்மா அப்படிக் கேட்டுட்டீங்க? நீங்களே ஒரு இழையை உருவிக் கொளுத்திப் பாருங்க."

பாட்டி முந்தானையின் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவுகிறார். தீக்குச்சியின் சுடரில் காட்டுகிறார். இழை சுருண்டு கருகுகிறது. தலைமுடி கருகினாற்போல ஒரு நாற்றம் எழுகிறது. சுடரை விலக்கியதும் நெருப்பு தானே அணைந்துவிடுகிறது. இழையின் நுனியில் கறுப்பாக ஒரு சிறு உருண்டை. அதை விரலால் நசுக்கினால் பொடியாகிறது. "பட்டுதான்" என்று பாட்டி தலையசைக்கிறார்.

பட்டு நெய்யும் ஊர்களில் பலரும் அறிந்த சோதனை இது. பாட்டி வேதியியல் படித்தவர் அல்லர். ஆயினும் அவர் செய்தது ஒரு வேதியியல் சோதனையே. ஒரு பொருளைச் சூடாக்கி, அதிலிருந்து வெளிவரும் வாயுவையும் எஞ்சி நிற்கும் பொருளையும் கொண்டு அது இன்னதென்று கண்டுபிடித்துவிட்டார். இரண்டு விரற்கடை நீளமுள்ள இழையில் எஞ்சியது கடுகளவு கரி. மீதி எங்கே போயிற்று? அந்த நாற்றம் எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்விகளுக்கு விடை காண நாம் பட்டு நூலின் பின்னாலேயே ஒரு தராசுடன் செல்ல வேண்டும்.

முதலில் போவது நீர்

திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் உள்ள ஊர் ஆரணி. பட்டுக்கும் அரிசிக்கும் பெயர் பெற்றது. ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்ற பொருள்களில் ஒன்று. ஊரிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் தறியோசை கேட்கும் வீடுகள் பல உண்டு. இந்தத் தறிகளுக்கு வேண்டிய கச்சாப்பட்டு, அதாவது பட்டுக்கூட்டிலிருந்து இழுத்துச் சுற்றிய நூல், வெளியூர்களிலிருந்து வருகிறது. அது எடை போட்டு விற்கப்படும் பொருள். விலையும் அதிகம். ஆகையால் ஒவ்வொரு கிராமுக்கும் மதிப்பு உண்டு.

இங்கேதான் ஒரு சிக்கல் எழுகிறது. பட்டு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. மழைநாளில் அதன் எடை கூடும்; கோடையில் குறையும். தன் எடையில் 30 விழுக்காடு வரை ஈரத்தை வாங்கிக்கொண்டாலும் தொட்டுப் பார்த்தால் நனைந்ததாகத் தெரியாது. பட்டின் விலையைக் கொடுத்துத் தண்ணீரை வாங்கினால் நட்டம் யாருக்கு?

இந்தச் சிக்கல் உலகில் பட்டு வணிகம் நடந்த இடங்களிலெல்லாம் இருந்தது. பிரான்சு நாட்டுப் பட்டு நகரமான லியோனில் இதற்கென்றே 1805ஆம் ஆண்டு அரசு ஆணையின்படி ஒரு பொது நிலையம் ஏற்பட்டது. வாங்குபவர், விற்பவர் இருவருக்கும் பொதுவாக நின்று பட்டின் உண்மையான எடையை அறிவிப்பது அதன் பணி. இன்று இந்தியாவிலும் பட்டுச் சோதனை நிலையங்கள் இருக்கின்றன. அங்கே பின்பற்றும் முறை எளியது. பட்டின் ஒரு மாதிரியை எடை போடுவார்கள். பிறகு, நீரின் கொதிநிலையைவிடக் கூடுதலான சூட்டில், வெப்பக் காற்று அடுப்பில் உலர்த்துவார்கள். மீண்டும் மீண்டும் எடை பார்ப்பார்கள். எடை மேலும் குறையாமல் நின்றுவிட்டால் ஈரம் முழுவதும் போய்விட்டது என்று பொருள்.

அப்படி உலர்ந்த 100 கிராம் பட்டுடன் 11 கிராம் ஈரத்தைக் கூட்டி, 111 கிராம் என்று கணக்கிடுவது வணிக வழக்கம். இதன்படி 10 கிலோ கச்சாப்பட்டு வாங்கினால் அதில் 9 கிலோதான் பட்டு. ஏறக்குறைய 1 கிலோ தண்ணீர்!

இங்கு நடந்தது என்ன? பட்டு சூடானது, ஒரு வாயு, அதாவது நீராவி, வெளியேறியது, எடை குறைந்தது. ஆனால் பட்டு மாறவில்லை. அதை வெளியே எடுத்துத் திறந்த இடத்தில் வைத்தால், இழந்த ஈரத்தைக் காற்றிலிருந்து திரும்பப் பெற்றுக்கொள்ளும். இத்தகைய மாற்றம் இயற்பியல் மாற்றம் எனப்படும்.

சோப்பு நீரில் போவது பசை

அடுத்த சூடு சாயப்பட்டறையில். பட்டுப்புழு உமிழும் இழையில் இரண்டு புரதங்கள் உள்ளன. நடுவில் இருப்பது பைப்ராயின். இதுவே உண்மையான பட்டு. அதன்மேல் பூச்சாகப் படிந்திருப்பது செரிசின் என்னும் பசை. பசை இருக்கும்வரை நூல் விறைப்பாக இருக்கும், பளபளப்பும் தெரியாது. எனவே, சாயம் தோய்ப்பதற்கு முன்பு கச்சாப்பட்டுக் கழிகளைச் சோப்பும் சலவைச் சோடாவும் கரைத்த நீரில், ஏறக்குறைய கொதிக்கும் சூட்டில் வைத்து அலசுகின்றனர். பசை நீங்கி, பட்டு மென்மையும் மினுமினுப்பும் பெறுகிறது.

எடைக்கு என்ன ஆகிறது? பசை, கச்சாப்பட்டின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. நம் கணக்கிலுள்ள 9 கிலோ உலர் பட்டு 6¾ கிலோவாகிவிடும். மீண்டும் காற்றின் ஈரத்தை வாங்கிக்கொண்டு ஏறத்தாழ 7½ கிலோவில் நிற்கும். 10 கிலோவுக்குப் பணம் கொடுத்தவர் கையில் 7½ கிலோ!

இந்த எடை இழப்பும் சூட்டினால் நேர்ந்ததே. ஆனால் இங்கே பசை வாயுவாகப் போகவில்லை. சோப்பு நீரில் கரைந்துவிட்டது. அண்டாவில் உள்ள நீரை வற்றக் காய்ச்சினால், சோப்புடனும் சோடாவுடனும் கலந்து பசை அடியில் தங்குவதைக் காணலாம். எனவே சூடாக்கும்போது எடை குறைந்தால் உடனே "வாயு போயிற்று" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. எது போயிற்று, எந்த வழியாகப் போயிற்று என்று தேடிப் பார்க்க வேண்டும்.

ஆப்ப சோடா தரும் பாடம்

சூட்டினால் பொருளே உடைந்து, வாயுவாக வெளியேறுவதும் உண்டு. நம் வீட்டுச் சமையலறையிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. ஆப்ப மாவில் போடும் சோடா, சோடியம் பைகார்பனேட் என்னும் உப்பு. இதைச் சூடாக்கினால் மூன்று பொருள்களாகப் பிரிகிறது. சலவைச் சோடா என்னும் சோடியம் கார்பனேட் அடியில் தங்குகிறது. நீராவியும், கரியமில வாயு என்னும் கார்பன் டை ஆக்சைடும் வெளியேறுகின்றன. ஆப்பத்தில் காணும் துளைகளில் இந்த வாயுவுக்கும் பங்கு உண்டு.

84 கிராம் ஆப்ப சோடாவை முழுவதும் சிதையும்வரை சூடாக்கினால் 53 கிராம் சலவைச் சோடா கிடைக்கும். 9 கிராம் நீராவியும் 22 கிராம் கரியமில வாயுவும் வெளியேறும். கூட்டிப் பாருங்கள்: 53 + 9 + 22 = 84. ஒரு கிராம்கூடக் காணாமற் போகவில்லை. அந்த 22 கிராம் வாயு, சாதாரண வெப்பநிலையில் சுமார் 12 லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். கைப்பிடியளவு வெள்ளைப் பொடிக்குள் ஒரு குடம் வாயு அடங்கியிருந்தது என்றால் வியப்பாக இல்லையா?

எஞ்சிய சலவைச் சோடாவைத் திறந்து வைத்தால் அது ஈரத்தை இழந்த பட்டைப்போல மீண்டும் எளிதில் பழைய நிலைக்கு வந்துவிடாது. அது வேறொரு பொருளாகிவிட்டது. இவ்வாறு சூட்டினால் ஒரு பொருள் வேறு பொருள்களாகப் பிரிவதை வெப்பச் சிதைவு என்கிறோம்.

இந்த உண்மையை அறிஞர்கள் எளிதில் கண்டுகொள்ளவில்லை. வாயு கண்ணுக்குத் தெரியாததால் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பிரசெல்சு நகரைச் சேர்ந்த வான் ஹெல்மான்ட் (இறப்பு 1644) என்பவர் 62 பவுண்டு மரக்கரியை எரித்தார். எஞ்சிய சாம்பல் 1 பவுண்டுதான். மற்ற 61 பவுண்டும் கண்ணுக்குப் புலப்படாத ஏதோ ஒன்றாக வெளியேறியிருக்க வேண்டும் என்று அவர் கருதினார். அதற்கு அவர் இட்ட பெயர்தான் 'கேஸ்'. வீட்டில் சமையல் வாயுவை இன்று நாம் அழைக்கிறோமே, அதே சொல்தான். அவர் எழுதியவை அவர் இறந்த பின் 1648இல் நூலாக வெளிவந்தன.

பின்னர் ஸ்காட்லாந்தில் ஜோசப் பிளாக் என்பவர், மக்னீசியம் கார்பனேட்டைச் சூடாக்கித் தராசில் நிறுத்துப் பார்த்தார். எடை குறைந்தது. குறைந்த எடைக்குக் காரணம் அதிலிருந்து வெளியேறிய ஒரு வாயு என்று நிறுவினார். 1756இல் வெளிவந்த இந்த ஆய்வு, காற்று என்பது ஒன்றல்ல, வாயுக்கள் பலவகை என்பதை உணர்த்திற்று. அவர் கண்ட வாயு நம் ஆப்ப சோடாவிலிருந்து வரும் அதே கரியமில வாயுதான்.

எரிவது பட்டா, வாயுவா?

இப்போது பாட்டியின் கையிலுள்ள இழைக்குத் திரும்புவோம். சுடர் பட்டதும் இழையில் மிஞ்சியிருந்த ஈரம் முதலில் ஆவியாகிறது. சூடு மேலும் ஏறினால் பட்டு மஞ்சளிக்கிறது. இஸ்திரிப் பெட்டியில் பட்டுக்கு மிதமான சூட்டைக் குறித்திருப்பதன் காரணம் இதுவே. 300 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் பட்டு மிக விரைவாகச் சிதைகிறது.

பட்டின் மூலக்கூறு மிக நீண்ட சங்கிலி போன்றது. கிளைசின், அலனைன், செரின் முதலிய அமினோ அமிலங்கள் அதன் கண்ணிகள். சூட்டினால் மூலக்கூறுகள் கடுமையாக அதிர்கின்றன, கண்ணிகள் அறுகின்றன. அறுந்த சிறு துண்டுகள் வாயுக்களாகவும் ஆவிகளாகவும் வெளியேறுகின்றன. இவற்றுள் எரியக்கூடியவை காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து சுடராகின்றன. ஆக, நாம் காணும் சுடர் பெரும்பாலும் பட்டிலிருந்து பிறந்த வாயுக்கள் எரியும் சுடரே.

இதை நம்ப முடியவில்லையா? லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1860ஆம் ஆண்டு இறுதியில் மைக்கேல் பாரடே இளைஞர்களுக்காக மெழுகுவத்தியைப் பற்றித் தொடர் சொற்பொழிவு நிகழ்த்தினார். அவர் செய்துகாட்டிய சோதனைகளில் ஒன்று இது. ஒரு வளைந்த கண்ணாடிக் குழாயின் ஒரு முனையைச் சுடரின் நடுவிலுள்ள இருண்ட பகுதியில் வைத்தார். அங்கிருந்த மெழுகின் ஆவி குழாய் வழியே வந்தது. மறுமுனையில் அதைக் கொளுத்தி எரியச் செய்தார். எரிவது மெழுகுக் கட்டியல்ல, அதன் ஆவியே என்பது கண்கூடாயிற்று.

பட்டு எரியும்போது அதிலுள்ள கார்பன், கரியமில வாயுவாகிறது. காற்று போதாத இடத்தில் நச்சுத்தன்மையுள்ள கார்பன் மோனாக்சைடும் உண்டாகும். ஹைட்ரஜன் நீராவியாகிறது. 12 கிராம் கார்பன் எரியும்போது காற்றிலிருந்து 32 கிராம் ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு 44 கிராம் கரியமில வாயுவாகிறது. எனவே எரிந்த சேலையிலிருந்து எழும் வாயுக்களை எல்லாம் பிடித்து எடை போட முடிந்தால், அவை சேலையைவிடக் கனமாக இருக்கும்!

நாற்றம் சொல்லும் செய்தி

கார்பனும் ஹைட்ரஜனும் பருத்தியிலும் இருக்கின்றன, மரத்திலும் இருக்கின்றன. அவை எரிந்தால் முடி நாற்றம் வருவதில்லையே! பட்டில் மட்டும் ஏன்?

விடை, நைட்ரஜன். பட்டு ஒரு புரதம். தலைமுடி, கம்பளி, நகம், இறகு யாவும் புரதங்கள்தாம். 100 கிராம் பட்டுப் புரதத்தில் ஏறத்தாழ 18 கிராம் நைட்ரஜன் உண்டு. இது எங்கிருந்து வந்தது? மண்ணிலிருந்து முசுக்கொட்டைச் செடியின் இலைக்கு வந்தது. இலையைத் தின்ற புழுவின் உடலுக்குப் போயிற்று. புழு உமிழ்ந்த இழை வழியே சேலைக்கு வந்து சேர்ந்தது. சேலை இழையைச் சூடாக்கும்போது இந்த நைட்ரஜன் அம்மோனியாவாகவும், நாற்றமுள்ள வேறு பல சேர்மங்களாகவும் வெளியேறுகிறது. சிறிதளவு ஹைட்ரஜன் சயனைடு என்னும் கொடிய நச்சு வாயுவும் இதில் உண்டு. ஆகையால் இழையைத்தான் எரித்துப் பார்க்கலாமே தவிர, துணியை எரித்துப் பார்க்கக் கூடாது.

பருத்தி செல்லுலோஸ் என்னும் பொருளால் ஆனது. அதில் நைட்ரஜன் இல்லை. எனவே பருத்தி இழை, காகிதம் எரியும் மணத்தோடு எரிகிறது. சுடரை விலக்கினாலும் நுனியில் கங்கு கனன்றுகொண்டிருக்கும். எஞ்சும் சாம்பல் சாம்பல் நிறத்தில், தொட்டால் உதிரும்.

'ஆர்ட் சில்க்' என்று வழங்கும் செயற்கைப் பட்டில் ஒரு வகை ரேயான். கண்ணுக்குப் பட்டைப்போல் மினுங்கும். ஆனால் அது மரக்கூழிலுள்ள செல்லுலோஸிலிருந்து செய்த இழை. கண்ணை ஏமாற்றினாலும் மூக்கை ஏமாற்ற அதனால் முடியாது. கொளுத்தினால் காகித மணமே வரும்.

பாலியெஸ்டர் இழையின் நடத்தை வேறு. பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் பொருள்களால் செய்யப்படும் இந்த இழை, சுடரை நெருங்கும்போதே சுருங்கி விலகும். ஏறத்தாழ 260 டிகிரி செல்சியஸில் உருகிச் சொட்டும். அதன் பிறகே சிதைந்து கரும்புகையுடன் எரியும். ஆறியபின் நுனியில் ஒரு கெட்டியான மணி எஞ்சும். அதை விரலால் நசுக்க முடியாது. பட்டும் பருத்தியும் உருகுவதில்லை. உருகும் நிலைக்கு வருமுன்பே சிதைந்துவிடுகின்றன.

இந்த வேறுபாட்டைப் பள்ளி ஆய்வகத்திலும் காணலாம். ஆசிரியர் உடனிருக்க, காற்றோட்டமான இடத்தில் மட்டும் செய்யுங்கள். உலர்ந்த சோதனைக் குழாய் ஒன்றில் சில பட்டு இழைகளையும் சிறிது சோடா சுண்ணாம்பையும் இட்டுச் சூடாக்குங்கள். குழாயின் வாயருகே ஈரமான சிவப்பு லிட்மஸ் தாளைப் பிடியுங்கள். அது நீலமாக மாறும். வெளிவந்தது அம்மோனியா, அது காரத்தன்மை உடையது. இன்னொரு குழாயில் பருத்தி இழைகளை மட்டும் இட்டுச் சூடாக்கி, ஈரமான நீல லிட்மஸ் தாளைக் காட்டுங்கள். அது சிவக்கும். செல்லுலோஸ் சிதையும்போது அசெட்டிக் அமிலம் போன்ற அமில ஆவிகள் வெளிவருகின்றன. பாட்டியின் மூக்கு சொன்னதையே லிட்மஸ் தாள் நிறத்தால் சொல்கிறது.

எஞ்சியது சொல்லும் செய்தி

வெளியேறிய வாயுவைப் பார்த்தோம். இனி எஞ்சியதைப் பார்ப்போம். வாயுவாக மாற இயலாத தாதுப் பொருள்களே சாம்பலாகத் தங்குகின்றன. ஆரணிப் பகுதி அரிசி ஆலைகளில் உமி மலைபோல் குவிகிறது. 100 கிலோ உமியை எரித்தால் ஏறத்தாழ 20 கிலோ சாம்பல் எஞ்சும். அதில் பெரும்பகுதி சிலிகா. மணலில் உள்ள அதே பொருள். நெற்பயிர் மண்ணிலிருந்து உறிஞ்சிச் சேர்த்து வைத்தது. தூய பட்டிலோ தாதுப் பொருள் மிக மிகக் குறைவு. நன்றாக எரிந்து முடிந்தால் அநேகமாக ஒன்றும் எஞ்சாது.

இந்த உண்மை ஒரு பழைய மோசடியைக் காட்டிக்கொடுத்தது. பசை நீக்கும்போது நான்கில் ஒரு பங்கு எடை போய்விடுகிறது என்று பார்த்தோம் அல்லவா? அந்த இழப்பை ஈடுகட்ட ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு வழி கையாண்டனர். பட்டை வெள்ளீய உப்புக் கரைசலில் தோய்த்து எடை ஏற்றினர். துணி கனமாகவும் விறைப்பாகவும் தோன்றும். ஆனால் சில ஆண்டுகளில் நைந்து கிழிந்துவிடும். அத்தகைய துணியை எரித்தால் பட்டு வாயுவாகப் போய்விடும். வெள்ளீயச் சேர்மம் போகாது. இழையின் வடிவிலேயே சாம்பல் எலும்புக்கூடுபோல் நிற்கும்!

ஜரிகையின் கதையும் இதுவே. உண்மையான ஜரிகையில் நடுவே ஒரு பட்டு இழை உண்டு. அதன்மேல் தட்டையாக்கிய மெல்லிய வெள்ளிக் கம்பியையோ, வெள்ளி பூசிய செப்புக் கம்பியையோ சுற்றி, மேலே தங்க முலாம் பூசுவார்கள். கிழிந்த பழைய பட்டுச்சேலைகளை விலைக்கு வாங்குவோர் இருக்கிறார்களே, அவர்கள் தேடுவது இந்த வெள்ளியைத்தான். ஜரிகையை எரித்தால் பட்டு வாயுவாகிவிடும், உலோகம் எஞ்சும். அதை உருக்கிப் பிரித்து வெள்ளியை எடுப்பார்கள். வெள்ளி உருக ஏறக்குறைய 962 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். பட்டு சிதைவதற்கோ அதில் மூன்றில் ஒரு பங்கு சூடு போதும். இந்த வேறுபாடுதான் இரண்டையும் பிரித்துத் தருகிறது. பிளாஸ்டிக் தகட்டில் அலுமினியம் பூசிச் செய்யும் போலி ஜரிகையை எரித்தால், அது உருகிச் சுருண்டுவிடும்.

எரிந்த ஜரிகையிலுள்ள செம்பில் இன்னொரு விந்தையைக் காணலாம். அது கறுத்துவிடும். சூடான செம்பு காற்றிலுள்ள ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு காப்பர் ஆக்சைடாகிறது. 4 கிராம் செம்பு முழுவதும் இவ்வாறு மாறினால் 5 கிராம் ஆகும். பட்டு வாயுவை விட்டு எடை இழக்கிறது. செம்பு வாயுவை வாங்கி எடை கூடுகிறது. ஒரே ஜரிகை இழையில் இரண்டையும் காணலாம்!

சோதனையின் எல்லை

இத்தனை சொல்லும் எரிப்புச் சோதனை எல்லாவற்றையும் சொல்லிவிடுமா? சொல்லாது. முந்தானையின் முனையில் தொங்குவன பெரும்பாலும் பாவு இழைகள். பாவில் பட்டையும் ஊடையில் பாலியெஸ்டரையும் வைத்து நெய்திருந்தால், பாவு இழையை மட்டும் கொளுத்திய பாட்டி ஏமாந்துவிடுவார். எனவே நீளவாக்கில் ஓர் இழை, குறுக்குவாக்கில் ஓர் இழை, இரண்டையும் தனித்தனியே சோதிக்க வேண்டும்.

இன்னொன்று: சோதனை, இழை பட்டு என்பதை மட்டுமே சொல்லும். அதைக் கைத்தறியில் நெய்தார்களா, விசைத்தறியில் நெய்தார்களா என்பதை எந்த வாயுவும் சொல்லாது. பட்டுதான் என்று உறுதி கூறும் 'சில்க் மார்க்' முத்திரை, மத்தியப் பட்டு வாரியத்தின் முயற்சியால் 2004இல் நடைமுறைக்கு வந்தது. சேலையில் அந்த முத்திரை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம்.

இது வாங்குபவரின் பணத்தைப் பற்றிய செய்தி மட்டுமன்று. ஒரு பட்டுச்சேலைக்காக நெசவாளர் பல நாள்கள் தறியில் அமர்ந்திருக்கிறார். அவர் குடும்பத்தாரும் நூல் சுற்றுவதிலும் பாவு ஒழுங்கு செய்வதிலும் உடனுழைக்கின்றனர். பாலியெஸ்டர் சேலை ஒன்று பட்டு என்ற பெயரில் விலைபோகும்போது வாங்கியவர் ஒருமுறை ஏமாறுகிறார். நெசவாளரோ அடுத்த சேலைக்கான வேலையையே இழக்கிறார். தீக்குச்சிச் சோதனை இருவருக்கும் காவல்.

வீட்டிலும் இந்த அறிவு பயன்படும். சுடர் பட்டால் பட்டு கருகும். நெருப்பை விலக்கினால் பெரும்பாலும் அணைந்துபோகும். பருத்தி விரைவாகப் பற்றிக்கொள்ளும். பாலியெஸ்டரும் நைலானும் உருகித் தோலில் ஒட்டிக்கொண்டு ஆழமான புண்ணை உண்டாக்கும். அடுப்பருகே நிற்கும்போது எந்தத் துணியானாலும் தொங்கும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ள வேண்டும் என்று வீட்டிலுள்ளவர்களிடம் சொல்லுங்கள்.

நம் கணக்கை முடித்துவிடுவோம். 10 கிலோ கச்சாப்பட்டில் 1 கிலோ நீராவியாகப் போயிற்று. 2¼ கிலோ பசை சோப்பு நீரில் கரைந்தது. மீதி 6¾ கிலோ பட்டையும் யாரேனும் எரித்துவிட்டால் அது கரியமில வாயு, நீராவி, நைட்ரஜன் சேர்மங்கள் என்று காற்றில் கலந்துவிடும். எதுவும் அழிந்துபோகவில்லை, போன இடம்தான் வேறு.

இனி உங்கள் வீட்டில் ஒரு பொருள் அடுப்பில் ஏறும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். வெளியே போவது என்ன? எஞ்சி நிற்பது என்ன? சூடு ஆறினால் பழைய பொருள் திரும்புமா? அரிசி வேகும்போதும், அப்பளம் பொரியும்போதும், பால் பொங்கும்போதும் விடைகள் வெவ்வேறாக இருக்கும். அவற்றைக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.